மண்ணுக்குக் கீழே ஒரு மண்டபம்

இவ்வாண்டு மலருக்கு ஒரு பயணக் கட்டுரை எழுதித் தரும்படி அதிபர் சகோதரி என்னைக் கேட்டார். இலண்டன் மாநகர் சென்று மீண்டவள் அல்லவா! அரண்மனையைப் பற்றியும், தேம்ஸ் நதிப் பாலத்தைப் பற்றியும், பெரிய மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பற்றியும் நான் எழுதுவேன் என்று நீங்கள் எல்லோரும் எதிர்பார்ப்பீர்கள். தங்கைகளே, அவற்றையெல்லாம் நானும் பார்த்தேன். படங்களில் இருப்பது போலவே இருக்கின்றன. நான் எழுதப் போவதோ, சுற்றுலாப் பயணிகள் எவரும் இறங்கிப் பார்க்காத ஒரு புறநகர்ப் புகையிரத நிலையத்தைப் பற்றி. அதுவும் கண்ணுக்குத் தெரியாத நிலையம்.

நம் பாடசாலையிலேயே படித்து, இங்கேயே புவியியல் கற்பித்துக் கொண்டிருக்கும் நான், 2023 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு இலண்டனிலுள்ள தங்கை வீட்டுக்குச் சென்றேன். நகரின் கிழக்கே இல்போர்ட் என்னும் பகுதி இருக்கிறது. நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் இடம். கடைத்தெருவில் முருங்கைக்காயும் ஒடியல் மாவும் கிடைக்கும். அதற்குச் சற்று வடக்கே கான்ற்ஸ் ஹில் என்னும் இடத்தில், சந்தியிலிருந்து பத்து நிமிட நடை தூரத்தில் தங்கையின் வீடு.

போய்ச் சேர்ந்த மறுநாள் மாலை, என் பெறாமகள் என்னை நடக்கக் கூட்டிச் சென்றாள். பல தெருக்கள் வந்து கூடும் ஒரு பெரிய சுற்றுவட்டம். வாகனங்கள் ஓயாமல் வளைந்தோடிக் கொண்டிருந்தன. "பெரியம்மா, இதுதான் அம்மா வேலைக்குப் போற ஸ்ரேசன்" என்றாள். நான் நாலு பக்கமும் பார்த்தேன். கட்டடம் ஒன்றையும் காணோம். சிவப்பு வளையத்துக்குக் குறுக்கே நீலப் பட்டை இட்ட அடையாளம் மட்டும் தெருவோரத்தில் நின்றது. அதனருகே கீழே இறங்கும் வழி. "எங்கே பிள்ளை நிலையம்?" என்று கேட்டேன். அவள் காலால் நிலத்தைத் தட்டிக் காட்டிச் சிரித்தாள்.

தெருவுக்குக் கீழாகச் செல்லும் நடைபாதைகள், சுற்றுவட்டத்துக்கு நேர் கீழேயுள்ள ஒரு கூடத்தில் போய்ச் சேர்கின்றன. அங்கேதான் பயணச்சீட்டு வாயில்கள். அட்டையைத் தொட்டு உள்ளே போனால் மூன்று நகரும் படிக்கட்டுகள். அவற்றிலே நின்று கீழே இறங்க இறங்க, காற்று மெல்ல முகத்தில் மோதுகிறது. தூரத்தில் வரும் புகையிரதம் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு வரும் காற்று அது. (மின்சாரத்தால் ஓடுவதைப் புகையிரதம் என்பது பிழைதான். என்ன செய்வது, நாம் பழகிய சொல்!)

இலண்டனில் பூமிக்கடியிலுள்ள பல நிலையங்களை அதன் பின்னர் கண்டேன். பெரும்பாலானவற்றில் படிக்கட்டு முடிந்ததும் ஒடுங்கிய வழிகளும், வளைவுகளும், மீண்டும் சில படிகளுமாகச் சுற்றிச் சுற்றித்தான் மேடைக்குப் போக வேண்டும். தலைக்கு மேலே தாழ்ந்த கூரை. ஆட்களோடு ஆட்களாக நெருக்குண்டு செல்வோம். கான்ற்ஸ் ஹில்லில் அப்படியில்லை. படிக்கட்டின் அடியிலே நீண்டு அகன்ற ஒரு மண்டபம் நம்மை வரவேற்கிறது. அதன் கூரை பீப்பாவைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்தது போல வளைந்து செல்கிறது. இருமருங்கும் வெளிர் நிறத் தட்டோடுகள் பதித்த தூண்கள். தூண்களுக்கிடையே திறந்த வழிகள். இடப்பக்கத்து வழியால் போனால் ஒரு மேடை, வலப்பக்கத்து வழியால் போனால் மற்ற மேடை. விளக்கின் ஒளி வளைந்த கூரையிலே பட்டுப் பரவுகிறது. கோயிலின் நடுக்கூடத்தில் நிற்பதுபோல் ஒரு கணம் தோன்றிற்று. பேச்சுக்கூடத் தானாகவே தாழ்ந்துவிட்டது.

மேடையில் ஒரு மணிக்கூடு தொங்குகிறது. அதில் எண்கள் கிடையா. பன்னிரண்டு எண்களும் இருக்க வேண்டிய இடங்களிலே, தெருவில் கண்ட அதே வளையமும் பட்டையும் சிறிது சிறிதாகப் பதிக்கப்பட்டுள்ளன. யாரோ ஒருவர் இந்த நிலையத்தை மனம் வைத்துச் செய்திருக்கிறார் என்று அப்போதே எனக்குப் பட்டது.

அன்றிரவு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு கேள்விதான் கேட்டார்:

"மேலை எத்தினை குற்றி போட்டிருக்கினம்?"

பெறாமகளுக்கு இது விளங்கவில்லை. எனக்கும் தங்கைக்கும் விளங்கிற்று. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தோம். உங்களில் பலர் அந்தக் காலத்துக்குப் பின் பிறந்தவர்கள். ஆகவே இதைச் சற்று விளக்க வேண்டும்.

1990 ஆம் ஆண்டு மாரி காலம். அப்பா கொழும்பில் வேலை, பாதை அடைபட்டிருந்தது. எனக்குப் பதினைந்து வயது, தங்கைக்கு ஒன்பது. எல்லா வீடுகளையும் போல எங்கள் வளவிலும் ஒரு பதுங்கு குழி இருந்தது. நாங்கள் 'பங்கர்' என்றுதான் சொல்வோம். ஆளுயரத்துக்கு வெட்டிய கிடங்கு, மேலே குறுக்காக அடுக்கிய பனங்குற்றிகள், அவற்றின் மேல் மண்மூட்டைகள். விமானத்தின் இரைச்சல் கேட்டால் ஓடிப்போய் உள்ளே இறங்க வேண்டும். ஓரிரவு, மூன்று நாள் விடாது பெய்த மழைக்குப் பின், அப்படி இறங்கியிருந்தோம். நான் படிக்கருகே இருந்தேன். நனைந்து கனத்த மூட்டைகளின் பாரத்தைத் தாங்காமல் ஒரு பக்கத்து மண்சுவர் சரிந்தது. அம்மா மார்பளவுக்குப் புதைந்தார். தங்கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றார். நான் கத்திய சத்தத்தில் அயலவர் ஓடி வந்து, மண்வெட்டி பட்டுவிடுமோ என்று பயந்து, கைகளாலேயே கிளறி இருவரையும் எடுத்தார்கள். அன்றிரவு எங்கள் ஊரில் குண்டு எதுவும் விழவில்லை.

அதன் பின்பு அயலவர் எங்களுக்கு வேறொரு பங்கர் அமைத்துத் தந்தார்கள். அந்த ஆண்டு ஆனி மாதத்தோடு யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை நின்று போயிருந்தது. பாதையிலிருந்த சிலிப்பர் கட்டைகளையும் தண்டவாளங்களையும் சனங்கள் கழற்றி வந்து பங்கர்களுக்குக் கூரையாகப் போட்டார்கள். எங்களுடையதும் அப்படிப்பட்டதுதான், உறுதியானது. ஆனால் அம்மா அதற்குள் ஒருநாளும் இறங்கவில்லை. எங்களிருவரையும் உள்ளே அனுப்பிவிட்டுக் கிணற்றடியிலே குந்தியிருப்பார். அன்று தொட்டு இன்றுவரை மின்தூக்கியில் ஏறமாட்டார். கதவு பூட்டிய அறையில் படுக்கமாட்டார். இலண்டனிலும் நாங்கள் பஸ்ஸிலேதான் திரிந்தோம். தங்கையோ நாள்தோறும் அந்த நிலையத்திலிறங்கி வேலைக்குப் போய் வருகிறாள். மாலை ஆறு மணியானால் அம்மா யன்னலருகே போய் நிற்பார். அவள் படலையைத் திறக்கும் வரை அசையமாட்டார். இது எங்களுக்கெல்லாம் வேடிக்கையாகவும் இருந்தது, வேதனையாகவும் இருந்தது.

நிற்க. பெறாமகள் அப்போது கோடை விடுமுறையில் இருந்தாள். பாடசாலையில் அந்த நிலையத்தைப் பற்றி ஒரு செயற்றிட்டம் செய்தவள் அவள். அவளும் நானுமாக நூலகத்துக்குப் போய் மேலும் படித்தோம். அறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1930களில் இலண்டன் கிழக்குப் புறமாக வேகமாக வளர்ந்தது. இல்போர்டைச் சுற்றி ஆயிரக்கணக்கில் வீடுகள் எழுந்தன. அங்கிருந்து நகருக்கு வேலைக்குச் செல்பவர்களுக்காக, 'சென்ட்ரல்' என்னும் பாதையை லிவர்பூல் தெருவிலிருந்து கிழக்கே நீட்டுவதென 1935 இல் தொடங்கிய பெரிய திட்டத்திலே முடிவாயிற்று. லெய்ற்றன்ஸ்ரன் என்னுமிடத்துக்கு அப்பால், வான்ஸ்ரெட், றெட்பிரிட்ஜ், கான்ற்ஸ் ஹில் ஆகிய மூன்று நிலையங்களும் நிலத்தடியில் அமைய வேண்டும். அவற்றை வடிவமைக்கும் பொறுப்பு சார்ள்ஸ் ஹோல்டன் என்னும் கட்டடக் கலைஞரிடம் வந்தது. 1875 இல் பிறந்தவர். மிக எளிமையாக வாழ்ந்தவர். அரசர் கொடுக்க முன்வந்த 'சேர்' பட்டத்தை, கட்டடம் என்பது பலர் கூடிச் செய்யும் வேலை, ஒருவருக்கு மட்டும் எதற்குப் பட்டம் என்று சொல்லி மறுத்தவர். இலண்டன் பல்கலைக்கழகத்தின் உயர்ந்த செனற் மாளிகையும் அவருடையதே.

அக்காலத்தில் மொஸ்கோ நகரமும் தனக்கொரு நிலக்கீழ்ப் பாதை அமைத்துக் கொண்டிருந்தது. அதற்கு இலண்டனின் அனுபவத்தை அவர்கள் நாடினார்கள். 1935 மே மாதம் மொஸ்கோப் பாதை திறக்கப்பட்டபோது, கொடுத்தவர்களே வியக்கும்படி இருந்தது. இரண்டு மேடைகளுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு குடைவு, அதுவே மண்டபம். ஒடுங்கிய வழிகளில் மக்கள் முட்டி மோதத் தேவையில்லை. அந்த அமைப்பைத்தான் ஹோல்டன் கான்ற்ஸ் ஹில்லுக்குக் கொண்டு வந்தார். மொஸ்கோவின் பளிங்கும் பெரிய தொங்கு விளக்குகளும் இங்கே இல்லை. அவர் கைக்கு எட்டியது தட்டோடும் வெளிச்சமும்தான். என்னைக் கேட்டால், அதுவே நன்றாக இருக்கிறது என்பேன். மேலே ஒரு கட்டடம்கூட எழுப்பாமல், காசையும் கவனத்தையும் கீழே, ஆட்கள் காத்து நிற்கும் இடத்திலே செலவிட்டிருக்கிறார் பாருங்கள்!

குடைவுகள் வெட்டி முடிந்தன. தண்டவாளம் போடு முன்னரே போர் வந்துவிட்டது. 1940 இல் வேலை நின்றது. அதே ஆண்டில் இல்போர்டிலிருந்த பிளெஸ்ஸி என்னும் மின்பொருள் தொழிற்சாலை குண்டு வீச்சுக்கு இலக்காயிற்று. விமானங்களுக்கான உறுப்புகளைச் செய்யும் தொழிற்சாலை அது; நிறுத்தி வைக்க முடியாது. லெய்ற்றன்ஸ்ரனுக்கும் கான்ற்ஸ் ஹில்லுக்கும் இடையே வெறுமையாகக் கிடந்த இரட்டைக் குடைவு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கி.மீ. நீளம். அதற்குள்ளேயே தொழிற்சாலையைக் கொண்டு போனார்கள். பன்னிரண்டு அடி அகலமே உள்ள குழாய்க்குள் ஒரு பக்கம் இயந்திரங்கள், மறு பக்கம் நடக்கும் வழி. பொருட்களை ஏற்றி இறக்க ஒரு குட்டிப் புகையிரதமும் ஓடியது. 1942 முதல் போர் முடியும் வரை ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் அங்கே வேலை செய்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்.

போர் முடிந்ததும் இயந்திரங்களை அகற்றித் தண்டவாளம் போட்டார்கள். 1947 டிசம்பர் 14 ஆம் திகதி கான்ற்ஸ் ஹில் நிலையம் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் புகையிரதப் பாதையைப் பிடுங்கிப் பங்கர் கட்டினோம். அங்கே பங்கர் போலிருந்த குடைவு புகையிரதப் பாதையாயிற்று. இதைப் படித்தபோது நூலகத்தில் இருந்தபடியே எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்திலிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் பயணம் முடிவதற்குப் பத்து நாள் இருக்கையில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அம்மாவுடன் இதே பாடசாலையில், ஒரே வாங்கில் பத்தாண்டு இருந்து படித்த தோழி ஒருவர் ஈலிங்கில் இருக்கிறார். ஈலிங் மாமி என்போம். நோயுற்றுப் படுக்கையில் இருப்பது முன்பே தெரியும். "அம்மா அடிக்கடி கேட்கிறா, ஏலுமெண்டால் சுணங்காமல் வாங்கோ" என்று மாமியின் மகள் சொன்னார். ஈலிங் நகரின் மேற்குக் கோடி, நாங்களோ கிழக்கில். பஸ்ஸில் போவதென்றால் மாறி மாறி மூன்று மணி நேரமாவது ஆகும். போகும் வழியிலேயே அம்மா களைத்துவிடுவார். தங்கையின் கணவர் காரை வேலைக்குக் கொண்டு போய்விடுவார். அவருக்கு விடுமுறை கிடைக்க இரண்டு கிழமை இருந்தது. இல்போர்டிலிருந்து 2022 இல் திறந்த புதிய எலிசபெத் பாதையில் போகலாம் என்றார்கள். அதுவும் நகருக்குள் நிலத்தடியிலேதான் போகிறது. கான்ற்ஸ் ஹில்லில் ஏறினாலோ, ஒரே வண்டி, நேரே ஈலிங்.

அம்மா இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, தேநீர் குடித்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "நான் கேட்டதுக்கு நீ மறுமொழி சொல்லேல்லையே, பிள்ளை. எத்தினை குற்றி?"

புவியியல் ஆசிரியை அல்லவா நான்! ஒரு தாளை எடுத்துப் படம் கீறினேன். "அம்மா, எங்கடை பங்கருக்குக் கூரை தட்டை. மண் மேலேயிருந்து அமத்தக் குற்றி நடுவிலை வளையப் பார்க்கும். மழை பெய்து பாரம் கூடினால், குற்றி இருக்கிற சுவர் சரியும். இது அப்படியில்லை. இலண்டனுக்குக் கீழே கெட்டியான களிமண். அதைக் குடைஞ்சு, வார்ப்பிரும்புத் துண்டோ கொங்கிறீற்றுத் துண்டோ வட்டமாய்ப் பொருத்தி, முழு வளையமாய்ப் பூட்டியிருக்கினம். எல்லாப் பக்கத்தாலும் மண் அமத்தினால், துண்டுகள் ஒண்டோடை ஒண்டு இன்னும் இறுகுமே தவிர வளையாது. கிணத்துக்கு வட்டமாய்க் கல்லுக் கட்டுகிறது ஏன்? அதே கணக்குத்தான்."

அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிணறு என்றது அவருக்குப் பிடித்துவிட்டது போலும். பங்கருக்கு வெளியே அவர் எப்போதும் போயிருந்த இடம் கிணற்றடிதானே.

"அதுக்குள்ளை பொம்பிளையள் வேலை செய்தவை எண்டாய்?"

"ஓமம்மா. இரவு பகலாய்."

"பிள்ளைக்காரியளும் இருந்திருப்பினம்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனார்.

அன்று பிற்பகல், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, நானும் பெறாமகளும் அம்மாவை அழைத்துச் சென்றோம். தெருவுக்குக் கீழான நடைபாதையில் கைப்பிடியைப் பற்றியபடி இறங்கினார். படிக்கட்டின் தலைப்பில் நின்றுவிட்டார். அவருடைய உதடுகள் வெளுத்துப் போயிருந்தன. பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றோம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். "போவம், வீட்டை போவம்" என்றார். திரும்பி வந்துவிட்டோம். அம்மா அழுததை நான் பார்க்கவில்லை என்று காட்டிக்கொண்டேன்.

மறுநாள் அவரே வெளிக்கிட்டு வந்து கதவடியில் நின்றார். இம்முறை படிக்கட்டில் கால் வைத்தார். என் தோளைப் பிடித்த பிடியின் தழும்பு இரண்டு நாள் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டே இறங்கினார். அடியில் வந்ததும், "அம்மம்மா, பாருங்கோ" என்றாள் பெறாமகள். அம்மா கண்ணைத் திறந்தார். முதலில் மேலே பார்த்தார். வளைந்து செல்லும் கூரையை ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை பார்த்தார். பிறகு தூணருகே போய், உள்ளங்கையை விரித்துத் தட்டோட்டிலே வைத்தார்.

"ஈரமில்லை" என்றார்.

தங்கைகளே, அந்த ஒரு சொல்லில் எவ்வளவு இருந்தது என்பதை நான் சொல்லி உங்களுக்கு விளங்க வைக்க முடியுமோ தெரியவில்லை. சரிவதற்கு முன்பு எங்கள் பங்கரின் சுவரும் ஈரமாகத்தான் இருந்தது. நான் கையால் தொட்டுப் பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன். இதை அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. மலர் அவர் கைக்குப் போகும்போது அறிந்துகொள்வார்.

மேடையில் போய் வாங்கில் அமர்ந்தோம். ஒரு வண்டி வந்து போயிற்று. அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது வந்தபோது எழுந்துவிட்டார். லெய்ற்றன்ஸ்ரன் வரை மட்டும் போய்த் திரும்புவதென்று பேச்சு. றெட்பிரிட்ஜ், வான்ஸ்ரெட், அடுத்தது லெய்ற்றன்ஸ்ரன். அங்கே வண்டி வெளியே வந்துவிடும். அந்தத் தூரம் முழுவதும் அன்று பெண்கள் வேலை செய்த அதே குடைவு. யன்னலுக்கு வெளியே இருட்டிலே வண்டி விளக்கின் வெளிச்சத்தில் கம்பிகள் மேலும் கீழுமாய் ஓடுவது தெரியும், வேறொன்றும் இல்லை. அம்மா யன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்தப் பக்கத்திலை மெசின் வைச்சிருந்தவை?" என்று இரைச்சலுக்கு மேலாகக் கேட்டார். திடீரென்று வெளிச்சம் வந்தது. மரங்கள், வீடுகளின் பின்பக்கம், கொடியில் காயும் துணிகள். அம்மா நீண்ட மூச்சு விட்டார். எதிரே இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி எதற்கோ சிரித்தார், அம்மாவும் சிரித்தார்.

இரண்டு நாள் கழித்து ஈலிங் போனோம். முழுப் பயணத்தையும் சொல்ல இடமில்லை. ஸ்ராட்போர்ட் தாண்டியதும் மீண்டும் நிலத்துக்குள்ளே போய், நகரம் முழுவதையும் கடந்து, வெகுநேரம் சென்று மேற்கே வெளிச்சத்துக்கு வருகிறது வண்டி. அம்மா செபமாலையைக் கையில் வைத்திருந்தார், உருட்டினாரோ தெரியாது. ஈலிங் மாமி அம்மாவைக் கண்டதும் முதலில் கேட்டது, "எடியேய், நீ இதுக்குள்ளாலையோ வந்தனீ?" என்பதுதான். பிறகு இருவருமாக, கணித பாட ஆசிரியையாக இருந்த ஒரு சிஸ்டரைப் பற்றிப் பேசத் தொடங்கி, மூன்று மணி நேரம் எங்களை மறந்துவிட்டார்கள். மாமி கார்த்திகை மாதத்தில் காலமானார்.

திரும்பி வரும்போது, வண்டி பெத்னல் கிறீன் என்ற நிலையத்தில் நின்றது. "நீ முந்தநாள் தனியப் போய் இறங்கினது இஞ்சைதானே, என்ன பார்த்தனீ?" என்றார் அம்மா. சொல்லாமல் விடலாம் என்றிருந்தேன். கேட்டபின் மறைக்க மனம் வரவில்லை. இதே பாதைக்காக வெட்டி, வேலை முடியாமல் நின்ற நிலையம்தான் அதுவும். போர்க் காலத்தில் மக்கள் அடைக்கலம் புகும் இடமாக இருந்தது. 1943 மார்ச் 3 ஆம் திகதி இரவு, அபாயச் சங்கு ஒலித்து மக்கள் இறங்கிக்கொண்டிருக்கையில், அருகே கேட்ட புதுவித வெடிச்சத்தத்தால் கலங்கிப் பின்னால் நின்றவர்கள் நெருக்க, மழையில் நனைந்த படிக்கட்டிலே யாரோ இடறி விழுந்தார்கள். ஒருவர் மேல் ஒருவராக விழுந்து 173 பேர் இறந்தார்கள். அவர்களில் 84 பேர் பெண்கள், 62 பேர் பிள்ளைகள். அங்கேயும் அன்றிரவு குண்டு விழவில்லை. அந்தச் சத்தம் அவர்களுடைய சொந்தப் படையின் ஏவுகணைகள் எழுப்பியது. மேலே பூங்காவின் ஓரத்தில், தலைகீழாகத் தொங்கும் படிக்கட்டைப்போல் மரத்தால் ஒரு நினைவுச் சின்னம் செய்திருக்கிறார்கள். 2017 இல் முழுமையாயிற்று. இறந்தவர்களின் பெயர்கள் அதில் உள்ளன.

அம்மா வெகுநேரம் பேசாதிருந்தார். லெய்ற்றன் நிலையத்து வெளிச்சத்தில் வண்டி நிற்கும்போது கேட்டார்:

"படிக்கு நடுவிலை பிடிக்கக் கம்பி இருக்கேல்லையோ?"

"இல்லையம்மா. பிறகுதான் போட்டவை."

"வெளிச்சம்?"

"மங்கலாய் ஒரு விளக்கு."

"ம்" என்றார்.

கான்ற்ஸ் ஹில்லில் இறங்கினோம். மாலை நேரம். வேலை முடிந்து வருபவர்கள் தூண்களுக்கிடையே புகுந்து மண்டபத்தில் நிறைந்து, ஒருவரையொருவர் இடிக்காமல் படிக்கட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் அம்மாவின் கையைப் பிடித்து மேலே போக வெளிக்கிட்டேன். அம்மா கையை விடுவித்துக்கொண்டு மேடைக்குத் திரும்பிப் போய், வாங்கில் அமர்ந்து, எண்களில்லாத அந்த மணிக்கூட்டை அண்ணாந்து பார்த்தார்.

"ஆறு மணியாகப் போகுது" என்றார். "தங்கச்சி இப்ப வருவாள். நிண்டு கூட்டிக்கொண்டு போவம்."